டிவில ஏன் கோடு விழுது? சூடும் ஈரமும் பசையை என்ன பண்ணுது

எல்இடி டிவில மேலேர்ந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு வந்து நிக்கும், பச்சையோ சிவப்போ வெள்ளையோ. சில டிவில ஆன் பண்ணதும் இருக்கும், அரை மணி நேரம் ஓடினதும் காணாமப் போயிடும், சிலதுல தலைகீழா ஓட ஓடத்தான் வரும். மெக்கானிக் வந்து பேனலோட ஓரத்துல விரலால ஒரு அமுக்கு அமுக்குவார், கோடு மறையும், விரலை எடுத்தா திரும்ப வந்துடும். "பாண்டிங் விட்டுருக்கு சார், மெஷின்ல போட்டுத்தான் ஆகணும்"னு சொல்லிட்டு ஒரு தொகை சொல்வார். நாமளும் தலையாட்டிடுவோம். அந்த பாண்டிங்னா என்ன, அது ஏன் விடுதுன்னு புரிஞ்சிக்கிட்டா ஃப்ளெக்ஸிபிள் எலக்ட்ரானிக்ஸ்ல (வளையற ஃபிலிம்மேல போட்ட சர்க்யூட், சுருக்கமா ஃப்ளெக்ஸ்) பாதி தலைவலி எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சிடும், அதுக்காகத்தான் இந்தப் பதிவு. எஞ்சினியரிங் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

பேனல்னு சொல்றது அடிப்படைல ரெண்டு கண்ணாடித் தகடு. அதோட ஓரத்துல பழுப்பு கலர்ல மெல்லிசா ஃபிலிம் துண்டுகள் வரிசையா ஒட்டியிருக்கும், ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் நீளமா கறுப்பா ஒரு சின்ன ஐசி. கடைல இதை டேப்னும் காஃப்னும் சொல்வாங்க. ஃபிலிம் பாலிஇமைடுங்கற ப்ளாஸ்டிக், தடிமன் ஒரு 38 மைக்ரான் இருக்கும், நம்ம தலைமுடில பாதி. அதுமேல காப்பர் கோடுகள் ஓடுது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி சுமார் 50 மைக்ரான், ஒரே துண்டுல பல நூறு கோடு. அத்தனை கோடும் கண்ணாடில இருக்கிற அத்தனை கோட்டோட ஒண்ணுக்கு ஒண்ணு சேரணும். இதுல சாலிடர் வைக்க முடியாது, வச்சா பக்கத்துக் கோட்டோட ஷார்ட் ஆயிடும், சாலிடர் கண்ணாடில சரியா பிடிக்கவும் பிடிக்காது. அதனால பசை, அதை வச்சு ஒட்டறதுதான் பாண்டிங். ஆமா, ஆயிரக்கணக்குல ரூபா போட்டு வாங்கின டிவில படம் தெரியறதே பசையை நம்பித்தான்.

இந்தப் பசைக்குப் பேர் ஏசிஎஃப். ஹிட்டாச்சி கெமிக்கல் (இப்ப ரெசோனாக்), சோனி கெமிக்கல்ஸ் (இப்ப டெக்ஸீரியல்ஸ்) மாதிரி ஜப்பான் கம்பெனிங்க பண்ற சரக்கு, ரோல்ல டேப் மாதிரி வரும். எபாக்ஸி பசைக்குள்ள 3லேர்ந்து 5 மைக்ரான் சைஸ்ல குட்டி ப்ளாஸ்டிக் உருண்டைகள் தூவி இருக்கும், ஒவ்வொரு உருண்டைக்கும் மேல நிக்கல், அதுக்கும் மேல தங்கம் பூசியிருக்கும். கண்ணாடிமேல டேப்பை ஒட்டி, அதுமேல ஃபிலிமை வச்சு, 170-200 டிகிரி சூட்டுல ஒரு பத்து செகண்ட் அழுத்தினா, காப்பர் கோட்டுக்கும் கண்ணாடிக் கோட்டுக்கும் நடுவுல மாட்டின உருண்டைகள் நசுங்கி ரெண்டையும் தொட்டுக்கிட்டு நிக்கும், கரண்ட் மேலேர்ந்து கீழ போகும். பக்கவாட்டுல உருண்டைகள் ஒண்ணையொண்ணு தொடாம எபாக்ஸிக்குள்ள தனித்தனியா கிடக்கறதால ஷார்ட் ஆகாது. மைக்ராஸ்கோப்ல கண்ணாடியோட பின்பக்கத்துலேர்ந்து பாத்தா நல்லா ஒட்டின இடத்துல ஒவ்வொரு உருண்டையும் குட்டிக் குட்டித் தழும்பா பதிஞ்சிருக்கறது தெரியும், தழும்பு இல்லாம வழவழன்னு இருந்தா சரியா அழுந்தலைன்னு அர்த்தம். ரொம்ப புத்திசாலித்தனமான ஐடியாதான், ஆனா இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. இங்க உருண்டை உலோகத்தோட உருகி ஒண்ணா ஆகல. சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். தொடுறதை விடாம பிடிச்சு வச்சிருக்கறது சுத்தி இருக்கிற எபாக்ஸி, அது இறுகும்போது சுருங்கி ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் ரெசிஸ்டன்ஸ் ஏறும். மெக்கானிக் விரலால அமுக்கினதும் கோடு மறையுதே, போன பிடியை அந்த விரல் தற்காலிகமா குடுக்குது, அதான் விஷயம்.

(எல்லாக் கோடும் இதனாலதான்னு நினைச்சிடாதீங்க. ஐசி போயிருக்கலாம், கண்ணாடிக்கு உள்ளயே லைன் அறுந்திருக்கலாம், அதுக்கெல்லாம் பாண்டிங் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. அமுக்கினா மாறுதா இல்லையான்னு பாக்கறது அதுக்குத்தான்.)

சரி, பிடி ஏன் தளருது? முதல்ல தண்ணி. டிவிமேல யாரும் தண்ணி ஊத்தறதில்லையேன்னு கேப்பீங்க, ஊத்தவே வேணாம், காத்துல இருக்கிற ஈரம் போதும். ப்ளாஸ்டிக்னா தண்ணி புகாதுன்னு நமக்கு ஒரு நினைப்பு இருக்கு. வாளி ஒழுகாது, உண்மைதான், ஆனா ஒரு தனி தண்ணி மாலிக்யூலுக்கு ப்ளாஸ்டிக்ல எக்கச்சக்கமா சந்து இருக்கு. பாலிஇமைடு இதுல ரொம்ப மோசம், தண்ணில போட்டு வச்சா தன் எடைல கிட்டத்தட்ட 3 சதவீதம் வரைக்கும் குடிக்கும். அதே ஃப்ளெக்ஸ் வேலைக்கு யூஸ் பண்ற எல்சிபிங்கற இன்னொரு ப்ளாஸ்டிக் 0.04 சதவீதம்தான் குடிக்கும், அப்ப வித்தியாசத்தைப் பாத்துக்கோங்க.

ஈரம் உள்ள போற வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, தூரம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் நாலு மடங்கு ஆகும். ஏசிஎஃப் பட்டை ஒரு மில்லிமீட்டர் அகலம்னு வைங்க, ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஈரம் எபாக்ஸி வழியா ஊர்ந்து போக வாரக்கணக்குல ஆகும், மாசம்கூட ஆகலாம். இதைப் பாத்துட்டு பரவால்லன்னு தோணும். ஆனா ஈரம் ஓரமா மட்டும் வரணும்னு கட்டாயம் இல்லையே, மேல இருக்கிற ஃபிலிம் 38 மைக்ரான்தான், அதைத் தாண்ட சில மணி நேரம் போதும். காப்பர் கோடு இருக்கிற இடத்துல மட்டும் உலோகம் மறைக்கும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல மறைக்க ஒண்ணும் இல்ல. ஃபிலிம் பாக்கத்தான் மூடி மாதிரி இருக்கு, ஈரத்துக்கு அது தொறந்த வாசல்தான். ஃப்ளெக்ஸ்ல எல்லாமே மெல்லிசுங்கறதால தடியான சர்க்யூட் போர்டுக்கு இல்லாத இந்த கஷ்டம் அதுக்கு இருக்கு.

உள்ள போன தண்ணி மூணு வேலை பாக்குது. ஒண்ணு, எபாக்ஸி உப்பும். ஐப்பசி மழைல மரக்கதவு உப்பி நிலைல மாட்டிக்குமே, அதே கதைதான், ஆனா அளவு ரொம்ப சின்னது. கதவு உப்பினா இறுகும், இங்க உப்பினா தளரும், ஏன்னா உருண்டையை நசுக்கிப் பிடிச்சிருக்கிற எபாக்ஸி மேலயும் கீழயும் விரியுது, ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் கூடுது. உருண்டைக்கு கொஞ்சம் ஸ்ப்ரிங் குணம் இருக்கறதால ஓரளவுக்கு தானும் விரிஞ்சு ஈடு குடுக்கும், அதுக்கு மேல போனா தொடுறது விட்டுப்போகும்.

ரெண்டாவது, எபாக்ஸி இளகும். எந்தப் பசைக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு, அதுக்குக் கீழ கண்ணாடி மாதிரி விறைப்பா இருக்கும், தாண்டினா ரப்பர் மாதிரி ஆயிடும், எஞ்சினியருங்க டிஜின்னு சொல்வாங்க. தண்ணி எபாக்ஸியோட நீள நீள சங்கிலிகளுக்கு நடுவுல போய் உக்காந்துக்கிட்டு அதுங்களை லூஸ் பண்றதால இந்த எல்லை கீழ எறங்கிடும். ஒரு சதவீதம் ஈரம் ஏறினாலே 10 டிகிரி, அதுக்கு மேலகூட எறங்கும்னு தோராயமா வச்சிக்கலாம். அப்ப காஞ்ச நிலைல 110 டிகிரி தாங்குற பசை ரெண்டு சதவீதம் குடிச்சா 90க்கோ அதுக்கும் கீழயோ வந்துடும்.

இந்த ரெண்டும்கூட பெரிய பிரச்சனை இல்லன்னுதான் சொல்வேன், ஏன்னா காஞ்சா பெரும்பாலும் பழைய நிலைக்கு திரும்பிடும். மூணாவதுதான் கொல்றது. பசைக்கும் அது ஒட்டியிருக்கிற பரப்புக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்குல்ல, தண்ணி அங்க போய் சேருது. கண்ணாடிக்கும் சரி, காப்பர் மேல இருக்கிற ஆக்ஸைடுக்கும் சரி, எபாக்ஸியைவிட தண்ணியைத்தான் ரொம்பப் பிடிக்கும். பிரிட்டன்ல கின்லாக்குங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 1970கள்ல எபாக்ஸி, இரும்பு ஆக்ஸைடு ஜோடிக்கு ஒரு கணக்கு போட்டாங்க. காத்துல இந்த ரெண்டையும் பிரிக்க சதுர மீட்டருக்கு 291 மில்லிஜூல் சக்தி செலவு பண்ணணும். அதே ஜோடி தண்ணிக்குள்ள இருந்தா? மைனஸ் 255. மைனஸ்னா என்ன அர்த்தம், நீங்க இழுக்கவே வேணாம், தானா பிரிஞ்சுக்கத்தான் அதுக்கு இஷ்டம், தண்ணி அங்க போய் சேர்ற வரைக்கும்தான் ஒட்டியிருக்கு. எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்பப் பிடிச்ச நம்பர் இது, பசை நல்ல பசையா கெட்ட பசையாங்கற கேள்விக்கே இதுல இடம் இல்ல, உலகத்துலயே ஸ்ட்ராங்கான எபாக்ஸியை வாங்கினாலும் எல்லைல தண்ணி பூந்துட்டா முடிஞ்சது.

பிச்சுப் பாத்தா இது கண்ணுக்கே தெரியும். லேப்ல ஃப்ளெக்ஸை 90 டிகிரி கோணத்துல நேரா மேல இழுத்து உரிப்பாங்க, புது காப்பர் ஃபாயில்னா ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு கிட்டத்தட்ட 1 நியூட்டன், அதாவது 100 கிராம் எடையைத் தொங்கவிட்ட மாதிரி விசை கேக்கும். புதுசை உரிச்சா ரெண்டு பக்கமும் பசை கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு சொரசொரன்னு இருக்கும், அதாவது பசைதான் கிழிஞ்சுது, ஒட்டு விடல. ஈரத்துல பல வாரம் கிடந்ததை உரிச்சா கண்ணாடி பளபளன்னு தொடைச்சு வச்ச மாதிரி, பசை மொத்தமும் ஒரே பக்கம். பளபளன்னு வந்தா சந்தோஷப்படாதீங்க.

இப்ப சூட்டுக்கு வருவோம். சூடு தனியா என்ன பண்ணும்னா, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவு விரியும். டிகிரிக்கு பத்து லட்சத்துல ஒரு பங்குன்னு அளந்தா கண்ணாடி 3, 4 விரியும், பாலிஇமைடு ஃபிலிம் 15லேர்ந்து 20, எபாக்ஸி 50, 60, அதுவும் டிஜியைத் தாண்டிட்டா அதைப்போல மூணு மடங்கு. 40 மில்லிமீட்டர் அகல ஃபிலிமை 180 டிகிரில ஒட்டி 30க்கு ஆற விட்டா ஃபிலிமும் கண்ணாடியும் சுருங்கறதுல கணக்குப்படி 70 மைக்ரான் வித்தியாசம் வருது. கோட்டுக்குக் கோடு இடைவெளியே 50தான்னு மேல சொன்னேன்ல. இதுக்காகத்தான் ஃபேக்டரில ஃபிலிமோட கோடுகளை முன்கூட்டியே கொஞ்சம் நெருக்கி அச்சடிச்சிடறாங்க, ஒட்டும்போது விரிஞ்சு சரியா வந்து உக்காரும். கோடு நேரா உக்காந்துடும், ஆனா ஆறினப்புறம் ஃபிலிம் சுருங்கப் பாக்கும், கண்ணாடி விடாது, அந்த இழுபறி மொத்தமும் பசைக்குள்ளயே தங்கிடும். அதனால புது டிவியாவே இருந்தாலும் அந்த ஒட்டு இழுவிசைலதான் இருக்கு, இழுவிசைல இருக்கிற எல்லைல தண்ணி இன்னும் சீக்கிரம் பூந்துடும். தினமும் ஆன், ஆஃப் பண்றப்ப ஐசியும் பேக்லைட்டும் சூடேறி ஆறி ஏறி ஆறி அதே இடத்தை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கும்.

ஆனா சூட்டோட பெரிய வேலை அது இல்ல, தண்ணிக்கு வேகம் குடுக்கறதுதான். ஈரம் ஊர்ற வேகமும் கூடும், உள்ள நடக்கிற கெமிக்கல் வேலையும் கூடும், காத்துல தங்கற ஈரத்தோட அளவும் கூடும். கடைசி விஷயத்தைப் பலர் மறந்துடறாங்க. ஹியூமிடிட்டி 80 சதவீதம்னு சொல்றது அந்தந்த சூட்டுக்கு எவ்வளவு தாங்குமோ அதுல 80, அவ்வளவுதான். 30 டிகிரி, 80 சதவீதம், அதாவது சென்னைல ஒரு புழுக்கமான ராத்திரி, அப்ப நீராவியோட அழுத்தம் 3.4 கிலோபாஸ்கல். 85 டிகிரி, 85 சதவீதத்துல அதே அழுத்தம் 49. பதினாலு மடங்கு. ஃபேக்டரில பொருளைத் தேர்வு பண்ண பாக்கற டெஸ்ட் இதுதான், 85/85ன்னு செல்லமா சொல்வாங்க, 1000 மணி நேரம் அந்த அறைல கிடக்கணும், 42 நாள்ல ஒரு எட்டு மணி நேரம் குறைவு.

இங்க என்னோட ஒரு கருத்தை சொல்லிடறேன், 85/85 பாஸ்னு டேட்டாஷீட்ல போட்டிருந்தா அதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஃபெயில்னு போட்டிருந்தாலும்தான். ஈரம் குடிச்ச பசையோட டிஜி 80க்கு எறங்கியிருந்தா 85ல அது ரப்பராயிடும், நிஜ வாழ்க்கைல 55 டிகிரியைத் தாண்டாத டிவிக்குள்ள அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது, அப்ப நீங்க டெஸ்ட் பண்றது வேற ஒரு பொருளை. எத்தனை வருஷம் ஓடும்னு கணக்கு போட ஸ்டூவர்ட் பெக் 1986ல குடுத்த ஃபார்முலாவைத்தான் பலரும் எடுப்பாங்க, அதுல ஹியூமிடிட்டி ரெண்டு மடங்கு ஆனா கெடுற வேகம் 6லேர்ந்து 8 மடங்கு வரைக்கும் ஏறும். அது ப்ளாஸ்டிக்ல மூடின ஐசிக்குள்ள உலோகம் அரிக்கறதுக்காக போட்ட கணக்கு. பசைக்கு அதை அப்படியே தூக்கி வைக்கறவங்களைப் பாத்தா எனக்கு கொஞ்சம் எரிச்சல் வரும். திசையை மட்டும் காட்டும், தேதி சொல்லாது.

ஹேர் ட்ரையர் வைத்தியத்துக்கு வருவோம். வீடியோ பாத்துட்டு நிறைய பேர் பேனல் ஓரத்துல சூடு காட்டறாங்க, கோடு போயிடுது, "சரியாயிடுச்சு"ன்னு கமெண்ட் போடறாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுது. இப்ப உங்களுக்கே காரணம் தெரியும், ஈரம் காஞ்சுது, உப்பினது வத்துச்சு, உருண்டை திரும்ப தொட்டுச்சு. எல்லைல விட்டுப்போன ஒட்டு விட்டதுதான், அடுத்த மழைக்கு ஈரம் அதே வழில, இன்னும் சுலபமா உள்ள வரும். 1989ல நின்டெண்டோ விட்ட முதல் கேம்பாய்ங்கற கையடக்க வீடியோ கேம்ல இதே மாதிரி நிமிர்ந்த கோடு விழும், அதோட ரிப்பன்மேல சாலிடரிங் அயர்னை மெதுவா தடவினா நல்லாவே சரியாகும், வருஷக்கணக்குல நிக்கும். அது எப்படி அங்க மட்டும் வேலை செய்யுதுன்னா, அந்த ரிப்பன்ல இருக்கறது சூடு பட்டா இளகி ஆறினா திரும்ப ஒட்டற ஜாதிப் பசை. ஏசிஎஃப் எபாக்ஸி ஒரு தடவை இறுகினா இறுகினதுதான், திரும்ப சூடு பண்ணா இளகி ஒட்டாது, ரொம்ப சூடு பண்ணா கருகும். அதனாலதான் மெக்கானிக் பழசை முழுசா கரைச்சுத் தொடைச்சு எடுத்துட்டு புது டேப் போட்டு மெஷின்ல அழுத்தறார்.

டிவியை விட்டுட்டு மத்த ஃப்ளெக்ஸுங்களையும் ஒரு பார்வை பாத்துடலாம். உடம்புல ஒட்டிக்கற ஹெல்த் பேட்ச், துணில தைக்கிற சென்சார் மாதிரி ஐட்டத்துல சில்வர் பொடி கலந்த பசையை வச்சு காம்பொனென்ட் ஒட்டுவாங்க. அங்க வேர்வை, அதாவது உப்புத் தண்ணி. காம்பொனென்ட்டோட கால்ல டின் பூசியிருந்தா சில்வரும் டின்னும் ஈரமும் சேர்ந்து குட்டி பேட்டரி மாதிரி ஆயி டின் அரிச்சு ஆக்ஸைடாயிடும். பசை கெட்டியா பிடிச்சிருக்கும், இழுத்தா வராது, ஆனா கரண்ட் போகாது. ஜார்ஜியா டெக்ல சி. பி. வாங்கும் அவரோட மாணவர்களும் 1990கள் கடைசில காட்டினது இதைத்தான், அதுவரைக்கும் சாதாரண ஆக்ஸிடேஷன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. தங்கம் பூசின கால்னா இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, காசுதான் ஜாஸ்தி.

அப்புறம் ஃப்ளெக்ஸ்ல சாலிடர் வைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாலிஇமைடு ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கும்னு சொன்னேன்ல, அதை அப்படியே சாலிடரை உருக்கற ரீஃப்ளோ அவன்ல 240-260 டிகிரிக்கு கொண்டு போனா உள்ள இருக்கிற தண்ணி ஒரே நேரத்துல ஆவியாகி லேயர் லேயரா கொப்புளம் விட்டுடும். அதனால முன்னாடியே 120 டிகிரில சில மணி நேரம் பேக் பண்ணிட்டு உடனே சாலிடர் வைக்கணும். பேக் பண்ணிட்டு லன்ச்சுக்குப் போயி, டீ குடிச்சிட்டு, சாயங்காலம் வந்து வச்சா அதுக்குள்ள கணிசமா திரும்ப குடிச்சிருக்கும், மெல்லிசுன்னா உள்ள போறதும் சில மணி நேரம்தானே.

தடுக்க என்ன வழின்னா, கண்ணாடிமேல சிலேன்னு ஒரு கெமிக்கலை மெல்லிசா பூசுவாங்க, இல்ல பசைக்குள்ளயே கலந்துடுவாங்க. ஒரு கை கண்ணாடியோடயும் இன்னொரு கை எபாக்ஸியோடயும் கெமிக்கலா பிணைஞ்சுக்கும், தண்ணியால சீக்கிரம் தள்ளிவிட முடியாது. காப்பர், பாலிஇமைடு நடுவுல நிக்கல்-குரோமியம் மெல்லிசா ஒரு லேயர் போடறதும் இதுக்குத்தான். ஒட்டினதுக்கு மேல சிலிகான் இல்ல அக்ரிலிக் பூச்சு போட்டா ஈரம் வர்றது தள்ளிப்போகும், நிக்காது. இதைவிட முக்கியம் பசையை முழுசா வேக விடறது. பத்து செகண்டுக்கு பதில் ஆறு செகண்டுல எடுத்துட்டாலும் கோடெல்லாம் பளிச்சுன்னு வந்துடும், கஸ்டமரும் சந்தோஷமா எடுத்துட்டுப் போவார், ஆனா அரைகுறையா வெந்த எபாக்ஸி ரொம்ப ஈரம் குடிக்கும், டிஜியும் ஆரம்பத்துலயே கம்மி.

கடைசியா ஃப்ரிட்ஜ் விஷயம். ஏசிஎஃப் ரோலை குளிர்லதான் வைக்கணும், இல்லன்னா தானா இறுக ஆரம்பிச்சிடும். வெளிய எடுத்ததும் அவசரத்துல கவரைப் பிரிச்சா சில்லுன்னு இருக்கிற டேப்மேல நம்ம ஊர் காத்து பட்டு பனி பூத்துடும், அதுக்கு மேல ஒட்டினா ஈரம் வெளிலேர்ந்து வர்றதுக்கு வேலையே இல்ல, நாமளே உள்ள வச்சுத் தச்சிட்டோம். இது சின்ன கடைத் தப்புன்னு நினைக்காதீங்க. 1988 ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாய்ல ஹிலோலேர்ந்து ஹொனலூலு போன அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானத்துக்கு நடுவானத்துல முன்பக்கக் கூரை சுமார் 18 அடி பிய்ச்சுக்கிட்டுப் போச்சு, ஒரு பணிப்பெண் உயிரிழந்தாங்க. அந்தக் காலத்து 737கள்ல தகடு தகடு சேர்ற இடத்துல ரிவெட்டோட எபாக்ஸி ஊறின துணியும் வச்சு ஒட்டியிருந்தாங்க, அதையும் ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணும், எடுத்தப்புறம் பனி பூத்தா ஒட்டு சரியா பிடிக்காது. அப்படிப் பிடிக்காத ஒட்டுக்குள்ள ஈரம் போயி துரு பிடிச்சு, பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட்டுமேல விழுந்து, ரிவெட் ஓட்டைலேர்ந்து விரிசல் கிளம்புச்சு. கடல் காத்துலயே பறந்த விமானம் வேற.

அதனால பாண்டிங் வேலை கத்துக்கறவங்க ரோலை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தா கவரைப் பிரிக்காம ஒரு மணி நேரம் வெளிய வைங்க, கவரோட வெளிப்பக்கம் வேர்க்கறது நின்னு காஞ்சப்புறம் பிரிங்க, வேண்டிய அளவு வெட்டிக்கிட்டு மீதியை சிலிகா ஜெல் பாக்கெட்டோட காத்து போகாம மூடி திரும்ப உள்ள வைங்க.